ஜான் மெக்லாஃப்லின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்தி குழுவின் பாட்டைக் கேட்டுவிட்டு வருபவர்கள், கிதார் பழகுபவர்கள், மிருதங்கம் பழகுபவர்கள் என்று மூன்று தரப்பினரும் மெக்லாஃப்லினைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் பாதி அவருடைய இசை வாழ்க்கை. பின்பாதியில் கணக்கும் கைவேலையும் அதிகம்.

1. யாருங்க இந்த ஜான் மெக்லாஃப்லின்? சுருக்கமா சொல்லுங்க.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டான்காஸ்டரில் 1942 ஜனவரி 4 அன்று பிறந்த கிதார் கலைஞர், இசையமைப்பாளர். தாயார் வயலின் வாசிப்பவர். பிள்ளை முதலில் பியானோவைத் தொட்டு, 11 வயதில் கிதாருக்கு வந்துவிட்டார். 1960-களின் லண்டனில் ஜார்ஜி ஃபேம், கிரஹாம் பாண்ட் ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஸ்டூடியோக்களில் யார் பாட்டுக்கு வேண்டுமானாலும் வாசித்த காலமும் அதுதான். 1969 ஜனவரியில் 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற முதல் சொந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே நியூயார்க் போய்விட்டார்.

அதற்குப் பிறகு 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, 1975-ல் சக்தி, 1980-ல் பாகோ தெ லூசியா, அல் டி மியோலாவோடு கிதார் மூவர், 1997-ல் ரிமெம்பர் சக்தி, பின்னர் ஃபோர்த் டைமென்ஷன். வேகமாக வாசிப்பவர் என்றுதான் ஊர் அவரைச் சொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாணியை விட்டுவிட்டு, தன்னைவிட வேறு ஒன்றை நன்கு தெரிந்தவர்களிடம் போய் உட்காருவதை அவர் வழக்கமாகவே வைத்திருந்தார். எங்களுக்கு வேகத்தைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

2. ஃப்யூஷன்னா கர்நாடக சங்கீதத்தையும் வெஸ்டர்னையும் கலக்கறதுதானே?

நம் ஊர் சபாக்களில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. 1969 வாக்கில் அமெரிக்காவில் 'ஜாஸ் ஃப்யூஷன்' என்றபோது பேசப்பட்டது வேறு: ஜாஸின் மனோதர்மமும் (மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது) ஹார்மனியும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பது) ஒரு பக்கம், ராக் இசையின் எலெக்ட்ரிக் கிதாரும் சத்தமும் தாள அடியும் இன்னொரு பக்கம். டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழு, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் அந்தக் காலத்துப் பதிவுகள், மகாவிஷ்ணு எல்லாம் இந்த வகை.

சக்தி அதிலிருந்து பிரிந்த கிளை. அதில் டிரம்ஸ், பேஸ் கிதார், கீபோர்டு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் மகாவிஷ்ணு ஆல்பத்தை வாங்கிவிட்டு "இதுல கடம் எங்கே?" என்று பலர் தேடுகிறார்கள்.

3. மைல்ஸ் டேவிஸ் பேண்டுல இருந்தவர்னு சொல்றாங்களே, உண்மையா?

பதிவுகளில் இருந்தார். நிரந்தர உறுப்பினராக ஊர் ஊராகச் சுற்றியவர் இல்லை. அவர் நியூயார்க் போனது டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழுவில் வாசிக்க. டோனி அப்போது மைல்ஸிடம் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில், வந்து சில நாட்களுக்குள், 1969 பிப்ரவரி 18 அன்று 'இன் எ சைலன்ட் வே' பதிவில் போய் உட்கார்ந்தார். அங்கே மைல்ஸ் அவரிடம் கிதார் வாசிக்கத் தெரியாதவன் போல வாசிக்கச் சொன்னது இன்று ஜாஸ் உலகில் பழங்கதை. ஜோ ஜாவினுல் எழுதிய அந்த மெட்டிலிருந்து கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) எல்லாம் கழற்றிவிட்டு, ஒரே ஆதார கார்டின் மேல் தயங்கித் தயங்கி வாசித்த கிதார்தான் அந்தப் பதிவின் முகமாகிவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'பிச்சஸ் புரூ'. அதில் ஒரு உருப்படிக்கே 'ஜான் மெக்லாஃப்லின்' என்று பெயர். 1970-ல் ஜாக் ஜான்சன் பதிவுகள், 1972-ல் 'ஆன் த கார்னர்'. சொந்தமாகக் குழு தொடங்கச் சொல்லி அவரைத் தூண்டியவர்களில் மைல்ஸ் முதன்மையானவர்.

4. மகாவிஷ்ணுன்னு பேரு வெச்சிருக்காரே, மதம் மாறிட்டாரா?

1970-ல் நியூயார்க்கில் இருந்த வங்காள ஆன்மிக ஆசிரியர் ஸ்ரீ சின்மய்யிடம் சீடரானார். 'மகாவிஷ்ணு' அவர் வைத்த பெயர். வெள்ளை உடை, கத்தரித்த முடி, தியானம் என்று மேடையிலேயே அது தெரிந்தது. கார்லோஸ் சன்டானாவும் அதே குருவிடம் இருந்தவர். இருவரும் சேர்ந்து 1973-ல் ஓர் ஆல்பம் செய்தார்கள். 1970-களின் நடுவில் மெக்லாஃப்லின் அந்த அமைப்பைவிட்டு விலகினார். தியானத்தையும் இந்திய இசையையும் விடவில்லை. குழுவின் பெயர் அந்தப் பெயரிலிருந்து வந்தது. குழுவில் இருந்த மற்ற நால்வரும் சீடர்கள் இல்லை. அடுத்த பதிலுக்கு இது வேண்டியிருக்கும்.

5. அவ்வளவு பெரிய பேண்டு, ரெண்டரை வருஷத்துல ஏன் உடைஞ்சுது?

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். பனாமாவில் பிறந்த பில்லி காப்ஹம் டிரம்ஸ், செக் நாட்டு யான் ஹாமர் கீபோர்டு, அமெரிக்கரான ஜெரி குட்மன் வயலின், அயர்லாந்துக்காரர் ரிக் லேர்ட் பேஸ். 1971-ல் கூடி அதே ஆண்டு 'த இன்னர் மவுன்டிங் ஃபிளேம்', 1973 தொடக்கத்தில் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. இரண்டாவது ஆல்பம் பாட்டே இல்லாத வாத்திய இசையாக இருந்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் 20-க்குள் வந்தது.

உரசல் இசையமைப்பாளர் பெயரில் தொடங்கியது. முதல் இரண்டு ஆல்பங்களிலும் எல்லா உருப்படிகளும் மெக்லாஃப்லின் பெயரிலேயே வெளிவந்தன. பெயர் யாருடையதோ, ராயல்டியும் அவருக்கே. மற்றவர்களுக்கு இது கசந்தது. 1973 கோடையில் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தபோது ஹாமர், குட்மன், லேர்ட் எழுதியவையும் சேர்ந்தன. ஆனால் அந்த ஆல்பத்தை வெளியிடுவதில் ஒத்த கருத்து வரவில்லை. அதற்குப் பதில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரிப் பதிவு வெளியானது. ட்ரைடென்ட் நாடாக்கள் 1999-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

இடைவிடாத பயணம், காது கிழியும் சத்தம், தலைவர் மட்டும் ஒரு குருவின் வழியில் நடப்பது எல்லாம் சேர்ந்துகொள்ள, 1973 கடைசியில் கதை முடிந்தது. 1974-ல் ஜான் லுக் பாந்தி, நாரதா மைக்கேல் வால்டன் முதலியவர்களோடு அதே பெயரில் வந்தது முழுக்கப் புதிய குழு. கடையில் 'மகாவிஷ்ணு' என்று கேட்டு வாங்கும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

6. கர்நாடக சங்கீதம் முறையா கத்துக்கிட்டாரா, இல்ல சும்மா கேட்டு வாசிக்கிறாரா?

கற்றுக்கொண்டார். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதன் இசை கற்பித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மெக்லாஃப்லின் வீணை பயின்றார். மகாவிஷ்ணு உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகள் அவை. எல். சங்கரும் மிருதங்க வித்வான் ராம்நாட் ராகவனும் அதே வெஸ்லியன் வட்டத்தில் இருந்தார்கள். சக்தியின் தென்னிந்தியப் பக்கம் அங்கேதான் முளைத்தது.

வீணை வித்வானாகும் நோக்கம் அவருக்கு இல்லை. ஒரு பிடி எங்கிருந்து எங்கே போகிறது, தாளம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற இலக்கணத்தை எடுத்துக்கொண்டு கிதாருக்குத் திரும்பினார். சிதாரைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு நின்றுவிட்ட அக்காலத்து ராக் ஆட்கள் பலரிடமிருந்து அவர் விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

7. சக்தில யார் யார் இருந்தாங்க? எந்த சங்கர்னு எப்பவும் குழப்பமா இருக்கு.

குழப்பம் நியாயமானதுதான், சங்கர்கள் இரண்டு பேர். 1975 சக்தியில் இருந்தவர் வயலின் எல். சங்கர்: வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர் பாடகர் சங்கர் மகாதேவன். நாம் சினிமாவில் அறிந்த அதே சங்கர் மகாதேவன்தான்.

முதல் சக்தியில் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விக்கு விநாயக்ராம் கடம், முதல் ஆல்பத்தில் மட்டும் ராம்நாட் ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியே அந்த ஆல்பம். மூன்றே உருப்படிகள், முதலாவது சுமார் 18 நிமிடம், கடைசியாக வருவது அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. பின்னர் 1976, 1977-ல் ஸ்டூடியோ ஆல்பங்கள் இரண்டு.

1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் கூடியபோது ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசித்தார். பின்பு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார். விக்கு விநாயக்ராம் இருந்த இடத்துக்கு அவர் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 2014 செப்டம்பரில் ஸ்ரீனிவாஸ் 45 வயதில் சென்னையில் மறைந்தார். பழைய பெயரிலேயே வந்த 2023 ஆல்பமான 'திஸ் மொமென்ட்'டில் வயலின் வாசித்தவர், கணேஷ்–குமரேஷ் இணையில் உள்ள கணேஷ் ராஜகோபாலன். 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேனும் காலமானார்.

8. முதல் சக்தி அவ்வளவு நல்லா இருந்தும் ஏன் நீடிக்கல?

மகாவிஷ்ணு கேட்டு வளர்ந்த ரசிகர் கூட்டம் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்களை எதிர்பார்த்து வந்தது. மேடையிலோ நால்வர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒலிபெருக்கம் அதிகமில்லாமல் வாசித்தார்கள். ரெக்கார்டு கம்பெனிக்கும் எலெக்ட்ரிக் கிதார்தான் விற்கும் சரக்கு. மூன்றாவது ஆல்பத்தோடு குழு நின்றது. 1978-ல் அவர் மறுபடி எலெக்ட்ரிக் ஆல்பம் போட்டார், தலைப்பிலேயே 'எலெக்ட்ரிக் கிதாரிஸ்ட்' என்று அறிவித்து. விற்பனையை வைத்துப் பார்த்தால் சக்தி தோல்வி. அடுத்த தலைமுறை இந்திய வாத்தியக்காரர்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று பார்த்தால் மகாவிஷ்ணுவைவிடச் சக்திக்கே செல்வாக்கு அதிகம்.

9. 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'ல அந்த மெடிட்டரேனியன் சன்டான்ஸ் வாசிக்கிறது எந்தக் கை மெக்லாஃப்லினோடது?

எந்தக் கையும் இல்லை! அந்த உருப்படியில் அவர் வாசிக்கவே இல்லை. அது பாகோ தெ லூசியாவும் அல் டி மியோலாவும் மட்டும். அந்த ஆல்பத்தின் முதல் மூன்றும் இருவர் இருவராக வாசித்தவை. அவற்றில் இரண்டில்தான் மெக்லாஃப்லின் இருக்கிறார். மூவரும் சேர்வது கடைசி இரண்டில். அதிலும் 'கார்டியன் ஏஞ்சல்' என்ற அவருடைய மெட்டு ஸ்டூடியோவில் பதிவானது. மற்றவைதான் 1980 டிசம்பர் 5 அன்று வார்ஃபீல்டு தியேட்டரில் நடந்த கச்சேரி.

ஹெட்ஃபோன் போட்டு 'ஃபான்டசியா சூட்' கேளுங்கள்: இடது காதில் பாகோ, நடுவில் மெக்லாஃப்லின், வலது காதில் டி மியோலா. பாகோ பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களால் வாசிப்பவர், அதனால் ஒவ்வொரு சுரமும் சற்று உருண்டு வரும். மற்ற இருவரும் பிக் பிடிப்பவர்கள். அவர்களுடைய ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். பாகோவுக்கு ஜாஸ் ஹார்மனி அன்று பழக்கமில்லை, மெக்லாஃப்லினுக்கு ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ தாளம் பிறந்த வீடில்லை. இருவரும் மாறி மாறி மற்றவர் மைதானத்தில் விளையாடுவது அந்தக் கச்சேரியின் சுவை.

10. கிராமி எத்தனை வாங்கியிருக்கார்?

பியானோ கலைஞர் சிக் கொரியாவோடு சேர்ந்த ஃபைவ் பீஸ் பேண்டு ஆல்பத்துக்கு 2010-ல் ஒன்று. 2018-ல் சிறந்த ஜாஸ் தனி ஆவர்த்தனத்துக்கு ஒன்று. அது 'மைல்ஸ் பியாண்ட்' என்ற உருப்படியின் கச்சேரி வடிவம். மைல்ஸை நினைத்து அவர் எழுதி 1973-ன் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் வந்த அதே மெட்டு, 45 ஆண்டு கழித்துப் பரிசு வாங்கியது. 2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்குச் சிறந்த குளோபல் மியூசிக் ஆல்பம் விருது. முந்தைய இரண்டும் ஜாஸ் பிரிவு, இது அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

11. ரிட்டையர் ஆயிட்டார்னு 2017-லேயே படிச்சேனே?

2017-ல் அவர் அறிவித்தது அமெரிக்காவில் கடைசிச் சுற்றுப்பயணம் என்று. வலது கையில் மூட்டுவாதம் இருந்ததையும் அப்போது பேசினார். அந்தப் பயணத்தில் கிதார் கலைஞர் ஜிம்மி ஹெரிங்கின் குழுவோடு சேர்ந்து மகாவிஷ்ணு காலத்து உருப்படிகளை வாசித்தார். இசையை விடவில்லை. 2020-ல் சங்கர் மகாதேவன், ஜாகிர் உசேனோடு ஓர் ஆல்பம், 2021-ல் 'லிபரேஷன் டைம்', 2023-ல் சக்தியின் 50-ஆம் ஆண்டுப் பயணம். அதில் அமெரிக்காவும் அடக்கம்.

12. எதுலேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்? எல்லாமே சத்தமா இருக்கு.

கர்நாடகக் காது உள்ளவர்கள் சக்தியின் முதல் ஆல்பத்தில் இரண்டாவதாக வரும் 'லோட்டஸ் ஃபீட்' கேட்கட்டும். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, வேகமே இல்லை. பிறகு அதே ஆல்பத்தின் முதல் உருப்படியான 'ஜாய்'. அதன்பின் 2001-ன் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. மகாவிஷ்ணுவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வரிசை நேர் எதிர்: முதலில் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்', பின்னர் பின்னோக்கி 'இன் எ சைலன்ட் வே'. சென்னைத் தொடர்பு தேடுபவர்களுக்கு 2008-ல் வந்த 'ஃப்ளோட்டிங் பாயின்ட்'. சென்னையிலேயே, பெரும்பாலும் இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவானது, மாண்டலின் யு. ராஜேஷ், சிவமணி, புல்லாங்குழல் சஷாங்க் எல்லாரும் உண்டு. இதில் கிதார் பெரும்பாலும் சிந்தசைசர் ஒலியில் இருக்கும். பிடிக்காமல் போனால் 14-ஆம் பதிலைப் படித்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

13. அவர் எழுதிவெச்சு வாசிக்கிற கம்போசரா, மேடைல தோணறதை வாசிக்கிறவரா?

இரண்டும். எது எழுதியது, எது தோன்றியது என்று பிரித்துக் கேட்கப் பழகினால் அவர் இசை பாதி புரிந்துவிடும். கிதாரும் வயலினும் ஒரே வரியை ஒரே மூச்சில் வாசிக்கும் இடங்கள் எழுதப்பட்டவை. அதற்கு நடுவில் ஒருவர் நான்கு ஆவர்த்தம் (தாளச் சுற்று), அடுத்தவர் நான்கு, பிறகு இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே போகும் இடங்கள் மனோதர்மம். குறைப்பு நமக்குப் புதிதில்லை, தனி ஆவர்த்தனத்தில் நாள்தோறும் கேட்பதுதான். ஜாஸிலும் நான்கு நான்காகப் பரிமாறும் வழக்கம் உண்டு. இந்த இரண்டு பழக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டுபிடித்ததைச் சக்தியின் அஸ்திவாரம் என்றே சொல்லலாம்.

முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியிருக்கிறார். 1974-ன் 'அபோகலிப்ஸ்' லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு பதிவானது. தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின், நடத்தியவர் மைக்கேல் டில்சன் தாமஸ். கிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான 'மெடிட்டரேனியன் கான்செர்டோ' 1985-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மானிக்கோடு அரங்கேறியது. இரண்டிலும் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலையை மைக்கேல் கிப்ஸ் செய்தார். எங்களைக் கேட்டால், இந்தப் பெரிய வடிவங்களில் அவர் பலம் அவ்வளவாக வெளிப்படவில்லை. பதில் சொல்ல எதிரில் ஓர் ஆள் இருந்தால்தான் அவர் மெட்டுகள் விழித்துக்கொள்கின்றன.

14. கிதார்ல புல்லாங்குழல் மாதிரி சத்தம் வருதே, அது என்ன மாயம்? ஏன் சில இடத்துல பிந்துது?

1984-ல் மீண்டும் 'மகாவிஷ்ணு' என்று வந்தபோது சின்க்ளேவியர் என்ற டிஜிட்டல் கருவியைக் கிதாரோடு இணைத்து வாசித்தார். பின்னாளில் மிடி கிதார். கம்பியின் அதிர்வைத் தனி பிக்கப் ஒன்று அளந்து, அது எந்தச் சுரம் என்று கண்டுபிடித்து, சிந்தசைசரை அந்தச் சுரத்தில் ஒலிக்கவைக்கும்.

பிந்துவதற்குக் காரணம் இயற்பியல். சுரத்தைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஒரு முழு அதிர்வாவது முடிய வேண்டும். தடித்த ஆறாவது கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது, அதாவது ஓர் அதிர்வுக்கு 12 மில்லி நொடி. மெல்லிய முதல் கம்பி சுமார் 330 முறை, ஓர் அதிர்வுக்கு 3 மில்லி நொடி. இரண்டு அதிர்வு பார்த்துத்தான் முடிவெடுக்கும் கருவியென்றால் கீழ்ச் சுரம் 24 மில்லி நொடி பிந்தும். துரித காலத்தில் இது காதில் உறுத்தும். அதனால் மிடி வாசிப்பவர்கள் வேகமான பிடிகளை மேல் கம்பிகளுக்குத் தள்ளுவார்கள். பக்கத்துக் கம்பியில் பிக் லேசாக உரசினாலும் வேண்டாத சுரம் ஒன்று கத்தும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் கீழ்க் கம்பிகளை அணைத்துவைப்பது இதில் கட்டாயம்.

15. சக்தி கிதார்ல குறுக்கே ஓடற கம்பிங்க எதுக்கு? ஃப்ரெட் போர்டு ஏன் குழிவா இருக்கு? என் கிதாரையும் அப்படிப் பண்ணலாமா?

கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரஹாம் வெக்டர் செய்த அக்கூஸ்டிக் கிதார் அது. வழக்கமான ஆறு கம்பிகளுக்கு அடியில், ஒலித்துளைக்கு மேலே சாய்வாக ஏழு கம்பிகள் ஓடும். அவற்றை ஆதார ஸ்ருதிக்கும் வாசிக்கும் ராகத்துக்கும் ஏற்ப ஸ்ருதி கூட்டிவைத்துக்கொண்டு, பிடிகளுக்கு நடுவே வலது கையால் ஒரு வருடு வருடுவார். வீணைக்காரர்கள் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளை விரலால் தட்டுவதோடு இதை ஒப்பிடலாம்.

குழிவு கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்காக. சாதாரண கிதாரில் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரல்நுனி மரத்தில் உரசி வழுக்கும். ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளுக்கு) நடுவே மரத்தைச் சுரண்டிவிட்டால் விரல் கம்பியை மட்டும் பிடிக்கும், இழுப்பு கைக்கு அடங்கும். வீணையிலும் மெட்டுகள் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் பலகையைத் தொடுவதே இல்லை.

உங்கள் கிதாரில் செய்யலாம், ஆனால் ஒரே கிதார்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். சுரண்டிய மரம் திரும்ப வராது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் கழுத்து பலவீனமாகும், முகப்பில் உள்ள புள்ளி அடையாளங்களும் சில கிதார்களில் காணாமல் போகும். முதல் மாதம் எல்லாச் சுரமும் ஸ்ருதி ஏறிப் பேசும். அடியில் மரம் தடுக்காததால் கை பழைய பலத்தோடு அமுக்குவதுதான் காரணம். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டதும் நிறுத்தப் பழக வேண்டும். சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் குழிக்கச் சொல்லலாம்.

16. குழிச்சுட்டா கமகம் முழுசா வந்துடுமா? தோடி வாசிக்க முடியுமா?

முழுசா வராது. வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து நாலைந்து சுரம் மேலே போகலாம். எலெக்ட்ரிக் கிதாரில் மெல்லிய கம்பி போட்டாலும் இரண்டு, கஷ்டப்பட்டால் மூன்று அரைச்சுரம். அக்கூஸ்டிக்கின் தடித்த கம்பியில் இரண்டே பெரும்பாடு. இன்னொரு தடை, இழுப்பு மேல்நோக்கி மட்டும்தான் போகும்.

தோடியின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டும். சட்ஜத்தை 'ஈ' என்று வைத்தால் ரிஷபம் 'எஃப்', காந்தாரம் 'ஜி', மத்யமம் 'ஏ'. ரிஷப ஃப்ரெட்டில் அமுக்கி மத்யமம் வரை இழுக்க நான்கு அரைச்சுரம் தேவை, நடக்காது. நடைமுறை வழி: ரிஷபத்தை மின்னலாகத் தொட்டு அதே விரலில் காந்தார ஃப்ரெட்டுக்குச் சறுக்கி, அங்கிருந்து மத்யமத்தை நெருங்கும்வரை இழுத்துத் தளர்த்த வேண்டும். சறுக்கலும் இழுப்பும் ஒரே பிக் அடியில் முடிய வேண்டும். நடுவில் இன்னோர் அடி விழுந்தால் கமகம் உடைந்து தனித்தனிச் சுரமாகக் கேட்கும்.

மெக்லாஃப்லின் இந்த எல்லையைத் தெரிந்தே வாசித்தார் என்பது பதிவுகளைக் கேட்டாலே தெரியும். வயலினுக்கும் மாண்டலினுக்கும் பாட்டுக்கும் நீண்ட ஆலாபனையை விட்டுக்கொடுத்துவிட்டு, கமகம் குறைவாகவும் ஓட்டம் நிறைவாகவும் உள்ள இடங்களில் தான் புகுவார். ராகமாக ஆராய்பவர்களுக்கு அவர் வாசிப்பில் குறை தென்படலாம், தாளத்தில் குறை கண்டுபிடிப்பது கடினம்.

17. மகாவிஷ்ணு பாட்டுக்குத் தாளம் போட முடியல. எப்படி எண்றது?

காலால் நான்கு நான்காகத் தட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஒற்றை எண் தாளத்தில் இரண்டாவது ஆவர்த்தம் வரும்போது கால் அடிகளுக்கு நடுவே போய் விழும், அத்தோடு எல்லாம் போச்சு. மிகச் சிறிய அட்சரத்தை வாயால் சொல்லி, ஆவர்த்தத்தின் முதல் அட்சரத்தில் மட்டும் ஒரு தட்டு போடுங்கள். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி, ஒன்பதுக்குத் தகதிமி தகதகிட.

'டான்' ஏழில் போகிறது, அதில் தொடங்குங்கள். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' 18. இரண்டு சங்கீர்ணமாக (ஒன்பது ஒன்பதாக) எண்ணினால் சமம் (ஆவர்த்தத்தின் முதல் அட்சரம்) தவறாது. உள்ளே அழுத்தம் எங்கெல்லாம் விழுகிறது என்பதைக் காதால் பிடித்துக்கொள்ளலாம். கடைசியாக 'த டான்ஸ் ஆஃப் மாயா'. தொடக்கத்தில் கிதார் பத்து அட்சரத்தில் நடக்கும், நடுவில் வரும் ப்ளூஸ் இருபது அட்சரத்தில். முடிவில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும்போது தடுமாற்றம் போலக் கேட்கும். பத்து இரண்டு முறை போனால் இருபது ஒரு முறை, சமத்தில் சேர்ந்துவிடும். கோர்வை போடத் தெரிந்த மிருதங்கக்காரருக்கு இது இரண்டு நிமிட வேலை.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்தே 2007-ல் 'த கேட்வே டு ரிதம்' என்ற பாட டிவிடியை வெளியிட்டிருக்கிறார்கள்.

18. தீர்மானம் வாயால சரியா வருது, கிதார்ல வாசிச்சா தடுக்குது. ஏன்?

தீர்மானம் என்பது ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து முடிப்பது. அது தடுக்கும்போது பெரும்பாலும் குற்றம் இடது கையில் இருக்காது, பிக்கின் திசையில் இருக்கும். மெக்லாஃப்லின் பாணியின் முதுகெலும்பு மாற்று அடி: ஒன்று கீழே, ஒன்று மேலே, தவறாமல். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை, மொத்தம் 32. ஒற்றை மாத்திரைகளில் கீழ் அடி, இரட்டையில் மேல் அடி.

இப்போது 'தாதிகிணதொம்' என்ற ஐந்தை இரண்டு மாத்திரை இடைவெளி விட்டு மும்முறை வைப்போம். 5+2+5+2+5, மொத்தம் 19. 32-ல் 19 போனால் 13. ஆகவே 14-ஆம் மாத்திரையில் எடுக்க வேண்டும். முதல் ஐந்து 14 முதல் 18 வரை, இரண்டாவது 21 முதல் 25 வரை, மூன்றாவது 28 முதல் 32 வரை. அடுத்த அடி சமம். திசையைப் பாருங்கள்: 14 மேல் அடி, 21 கீழ் அடி, 28 மறுபடி மேல் அடி. ஒரே சொற்கட்டு என்றாலும் கைக்கு அது மூன்று தடவையும் தலைகீழாக மாறுகிறது. எல்லோரும் கீழ் அடியில் தொடங்கியே பயிற்சி செய்வதால் முதல் ஐந்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மேல் அடியில் தொடங்கித் தனியாக, நிமிடத்துக்கு 50 எண்ணிக்கை வேகத்தில், தடுக்காமல் வரும்வரை வாசியுங்கள். இடைவெளியிலும் கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொடாமல் காற்றில் கீழ், மேல் என்று ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி 'தொம்' எங்கே விழுகிறது என்பது. மேலே சொன்ன கணக்கில் கடைசித் தொம் 32-ல் முடிந்து, சமத்தில் அடுத்த 'தா' வரும். சிலருக்குத் தொம்மே சமத்தில் விழுந்தால்தான் முடிந்த மாதிரி இருக்கும். அப்படி வேண்டுமென்றால் எடுப்பு ஒரு மாத்திரை தள்ளி 15-ல். அப்போது திசைகள் கீழ், மேல், கீழ் என்று மாறும், கைக்கும் சற்று எளிது. கூட வாசிப்பவரிடம் எந்த எடுப்பு என்பதைக் கச்சேரிக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் 14-லும் மற்றவர் 15-லும் எடுத்தால் மூன்று ஐந்தும் ஒட்டாமல் போய், பிழை யாருடையது என்று தாளம் போடுபவருக்கே தெரியாமல் போய்விடும்.